ஒன்பது பார்

தள்ளி எடுத்த சீட்டில்
கையில் வந்தது பதினோராயிரம்.
பிரிட்ஜுக்கு என்றுதான் எண்ணி வைத்திருந்தேன்.
ஜோவாக்கிமுக்கு வேறு கணக்கு.

துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவன்.
ஒரு மார்ச் மாதம், மூன்றாவது ஷிப்டில்,
கிரேக்கக் கப்பலின் சமையல்காரர்
கட்டைவிரல் உயரக் கோப்பையில்
ஏதோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.
அன்றிலிருந்து எங்கள் தெரு டீக்கடையைத்
தாண்டும்போதெல்லாம்
தலையைக் குனிந்துகொள்கிறான்,
கடன் வாங்கியவன் மாதிரி.

ராத்திரியெல்லாம் போனில் விலை பார்த்தான்.
நாலாயிரத்துக்கு ஒன்று: ஆவியில் ஓடுவது,
குக்கருக்குக் கைப்பிடி வைத்தது போல.
ஏழாயிரத்துக்கு ஒன்று: அட்டைப்பெட்டியில்
'பதினைந்து பார்' என்று கொட்டை எழுத்து.
இருபத்தெட்டாயிரத்துக்கு ஒன்று:
அதை எனக்குக் காட்டவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
தனியாகப் பார்த்தான்.

பதினைந்து என்றதும் எனக்குச் சிரிப்பு.
மணலியில் பிரஷர் கேஜ் சரிபார்ப்பது என் வேலை.
நாளைக்கு நாற்பது முள்.
பொய் சொல்லும் முள்,
சோம்பேறி முள்,
தட்டினால் மட்டும் எழும் முள்,
முகம் பார்த்தே சொல்லிவிடுவேன்.
"காப்பிக்கு எவ்ளோ வேணும்?"
"ஒம்போது."
"அப்புறம் எதுக்குப் பதினஞ்சு விக்கிறான்?"
பதில் இல்லை.
என்னைப் பெண் பார்க்க வந்தபோது
அவன் வீட்டில் சொன்ன சம்பளம்
ஞாபகம் வந்தது எனக்கு.

அடுப்புக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே
பதினோரு அங்குலம்தான் இடம்.
மோட்டார் போட்டால் வருவது உப்பு,
ஊற்றினால் ஆறே மாதத்தில்
உள்ளே சுண்ணாம்பு கட்டிவிடும்.
மாலை ஏழுக்கு வோல்டேஜ் இறங்கி
ஃபேன் யோசிக்க ஆரம்பிக்கும் வீடு இது.
கொட்டை அரைக்கவும் தனியாக
ஒன்று வாங்கணும் என்று
அவன் மெல்ல ஆரம்பித்த அன்று
நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை,
மூலக்கொத்தளத்தில் தணிகைவேல் கடை.
மூடிப்போன கேக் கடையின்
மாவு மெஷினுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் பின்னால்
ஒரு பக்கம் நசுங்கிய இத்தாலிக்காரி.
தூக்கிப் பார்த்தேன். கனம். பித்தளைத் தலை.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றார்.
டிபன் பையிலிருந்து கேஜை எடுத்தேன்.

கைப்பிடியின் மூக்கைக் கழற்றி,
டெஃப்லான் சுற்றி, முள்ளைத் திருகி,
கேன் தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டேன்.
கடைப்பையன், ஜோவாக்கிம், தணிகைவேல்,
பழைய ஃபேன் விற்க வந்த ஓர் ஆள்,
எல்லோரும் குனிந்தார்கள்.
நாலு. ஏழு.
பன்னிரண்டில் நின்று நடுங்கியது.
"போச்சு" என்றான் ஜோவாக்கிம்.
மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங் திருகு,
கேக் கடைக்காரர் தொட்டே இருக்கமாட்டார்.
கால் சுற்று. இன்னும் கொஞ்சம்.
முள் இறங்கி
ஒன்பதில் உட்கார்ந்தது,
பீச் ஸ்டேஷனில் சீட் கிடைத்த ஆள் போல.

கல்யாணமாகி ஆறு வருடத்தில்
என் வேலையை அவன் பார்த்தது அன்றுதான்.
ஒன்றும் சொல்லவில்லை.
டெஃப்லான் டேப்பின் மிச்சத்தை
விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

எட்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.
கேஸ்கெட் இருநூற்று நாற்பது.
கையால் சுற்றும் அரைப்பான் இரண்டாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் அறுபது, மெஷினையும் ஆளாகக் கணக்கிட்டு
ஷேர் ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டார்.

முதல் கோப்பை புளித்தது. இரண்டாவது கரி.
மூன்றாவதை எட்டிப் பார்த்த
எதிர்வீட்டு ஞானசௌந்தரி
"இன்னாது, இருமல் மருந்தா?" என்றாள்.
அவன் ஒரு வாய் குடித்துவிட்டு
கோப்பையை என் பக்கம் தள்ளினான்.
கசந்தது. கசப்புக்கு அடியில்
வேறு ஏதோ இருந்தது,
பெயர் தெரியவில்லை, நாக்கு தேடிக்கொண்டே இருந்தது.

பால் ஊற்றிக் குடிக்கலாம் என்றேன்.
காலையில் வாங்கிய பாக்கெட் திரிந்திருந்தது.
பிரிட்ஜ், அடுத்த சீட்டில்.